சேவல் சொல்வதும் சொல்லாததும்

கிராமத்து வீடுகளில் கோழி வளர்ப்பவர்களிடம் நோய்க்கென்று பெரும்பாலும் ஒரே ஒரு சொல்தான் இருக்கிறது: சீக்கு. "கோழிக்குச் சீக்கு வந்துடுச்சு" என்ற பேச்சு காதில் விழுந்தால் போதும், அடுத்த தெருக்காரர் தன் கோழிகளைப் பஞ்சாரத்தில் போட்டு மூடிவிடுவார். அந்த ஒரு சொல்லுக்குள் வைரஸ் நோயும் அடங்கும், பாக்டீரியா நோயும் அடங்கும். குடற்புழு, பேன், செள், தீனிப்பை அடைப்பு, வெறும் அரிசியால் வரும் சத்துக்குறைவு எல்லாமே அடங்கும். இதற்கு நேர்மாறான பழக்கம் ஒன்றும் இப்போது பரவியிருக்கிறது. எச்சம் பச்சையா, இந்த நோய். கொண்டை நீலமா, அந்த நோய். கால் இழுக்கிறதா, இன்னொன்று என்று குறிக்கு ஒரு பெயரும் பெயருக்கு ஒரு மாத்திரையும் சொல்லும் அட்டவணைகள் கைப்பேசிகளில் சுற்றிவருகின்றன. ஒன்று எல்லா நோயையும் ஒரு பெயருக்குள் அடைக்கிறது; மற்றது ஒவ்வொரு குறிக்கும் ஒரு பெயர் சூட்டுகிறது. எதிரெதிராகத் தெரியும் இவ்விரண்டின் பிழையும் ஒன்றே. நோய் வந்திருப்பதை அறிவதையும், வந்தது என்ன நோய் என்று அறிவதையும் இரண்டும் ஒரே வேலையாக எண்ணிக்கொள்கின்றன. முதல் வேலையை வளர்ப்பவரைவிட நன்றாகச் செய்யக்கூடியவர் எவரும் இல்லை. இரண்டாவது வேலை பெரும்பாலும் வெறுங்கண்ணுக்கு எட்டாதது. புறக்கடைச் சேவலின் நோய்க்குறிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் இந்த வேறுபாடு தெளிவாகும்.

2019-ஆம் ஆண்டின் இருபதாவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் இருந்த கோழியினப் பறவைகள் ஏறத்தாழ 85 கோடி. அவற்றில் புறக்கடையில் வளர்பவை 31 கோடிக்கும் மேல். மொத்த எண்ணிக்கையில் தமிழ்நாடு, ஏறத்தாழ 12 கோடியுடன், முதலிடத்தில் நின்றது. பண்ணைக் கோழிகளுக்குக் கணக்கேடு உண்டு, தீவன அளவு உண்டு, இறப்பு விகிதம் உண்டு. புறக்கடைக் கோழிக்கு இருப்பது வீட்டாரின் கண் மட்டுமே. அதிலும் பெட்டைக்கோழிக்கு முட்டை ஒரு நாட்குறிப்பு போல உதவுகிறது. முட்டை நின்றாலும், தோல் மெலிந்தாலும், ஓடு கோணினாலும் ஏதோ சரியில்லை என்று வீடு கவனித்துவிடும். சேவலுக்கு அப்படி எண்ணிப் பார்க்க எதுவும் இல்லை. நேர்த்திக்கடனுக்கோ, இனவிருத்திக்கோ, திருவிழா விருந்துக்கோ மாதக்கணக்கில் வளரும் அது, அதுவரை எந்தக் கணக்கிலும் வராமலே திரிகிறது. அதனால்தான் சேவலின் நோயை அறிவது பெட்டையின் நோயை அறிவதைவிடக் கடினமாகிறது.

இன்னொரு கடினமும் உண்டு. கழுகுக்கும் கீரிக்கும் நாய்க்கும் இரையாகக்கூடிய பறவை தன் தளர்ச்சியை வெளிக்காட்டினால் அது உயிருக்கே ஆபத்து. சேவலுக்கோ வெளிப்பகையோடு உட்பகையும் உண்டு. மந்தையில் அதன் இடத்துக்குப் போட்டியிடும் இன்னொரு சேவல் அந்தத் தளர்ச்சியைத்தான் எதிர்பார்த்திருக்கும். ஆள் நெருங்கும்போது, தூங்கி வழிந்துகொண்டிருந்த சேவல் தலையை நிமிர்த்தி, சிறகை ஒடுக்கி, நாலு எட்டு நடந்து காட்டும். "நல்லாத்தானே இருக்கு" என்று வீட்டார் திரும்பிவிடுவார்கள். உடலைச் சிலிர்த்துக்கொண்டு, கண்ணை மூடி, தீனி வேண்டாமல் ஒதுங்கி நிற்கும் நிலையைச் 'சீக்குக் கோழி' என்று நாம் உவமையாகவே சொல்கிறோம். அமெரிக்கக் கால்நடை மருத்துவ அறிஞர் பெஞ்சமின் ஹார்ட் 1988-இல் எழுதிய ஆய்வுரை இந்த நிலைக்கு வேறொரு விளக்கம் தந்தது. தீனி மறுப்பதும், ஓய்ந்து கிடப்பதும், சிலிர்ப்பதும் உடல் தோற்றுப்போனதன் அடையாளங்களல்ல. காய்ச்சலை நிலைநிறுத்திக் கிருமியோடு போரிட உடல் தன் ஆற்றலைச் சேமிக்கும் ஏற்பாடு அவை என்றார் அவர். இதிலிருந்து இரண்டு முடிவுகள் கிடைக்கின்றன. எல்லா நோயும் ஏறத்தாழ இந்த ஒரே தோற்றத்தைத்தான் காட்டும் என்பது ஒன்று. அந்தத் தோற்றம் வெளியே தெரியும் நேரத்தில் உள்ளே போர் தொடங்கிச் சில நாட்களாவது ஆகியிருக்கலாம் என்பது மற்றொன்று. எனவே சேவலைத் தொலைவிலிருந்து, அது அறியாத நேரத்தில் பார்ப்பதே பார்வை. கையை நீட்டிக்கொண்டு போய்ப் பார்ப்பது சேவல் நடத்தும் நாடகத்தைப் பார்ப்பது.

சேவலின் உடலில் அதிகம் பேசும் உறுப்பு கொண்டை. 1849-இல் ஜெர்மனியின் கோட்டிங்கனில் அர்னால்ட் பெர்த்தோல்டு சேவல்களின் விதைகளை நீக்கிப் பார்த்தார். அவற்றின் கொண்டையும் தாடியும் சிறுத்தன, கூவலும் சண்டைக்குணமும் தளர்ந்தன. நீக்கிய விதையை வயிற்றுக்குள் மீண்டும் பதிக்கப்பெற்ற சேவல்கள் வழக்கமான சேவல்களாகவே வளர்ந்தன. இரத்தத்தில் கலந்து செல்லும் ஏதோ ஒன்று கொண்டையை ஆள்கிறது என்று காட்டிய இந்தச் சோதனையை ஹார்மோன் ஆய்வின் தொடக்கமாக இன்றும் போற்றுகிறார்கள். 1990-இல் மார்லின் ஸக்கும் அவருடன் ஆய்ந்தவர்களும் நம் நாட்டுக்கோழியின் மூதாதையான செங்காட்டுக்கோழியில் அடுத்த படியைக் காட்டினார்கள். குஞ்சுப் பருவத்தில் உருண்டைப்புழு தொற்றிய சேவல்களின் கொண்டை சிறிதாகவும் மங்கலாகவும் வளர்ந்தது. பெட்டைகள் புழுவில்லாத சேவல்களையே அதிகம் நாடின. சேவலின் கொண்டையை மனிதன் படிக்கத் தொடங்குவதற்கு நெடுங்காலம் முன்பே பெட்டை அதைப் படித்துக்கொண்டிருந்தது என்று சொல்லலாம்.

கொண்டை இவ்வளவு சொன்னாலும் நோயின் பெயரை மட்டும் சொல்வதில்லை. வெளிறிய கொண்டை இரத்தக்குறைவைக் காட்டும். அந்தக் குறைவு குடற்புழுவாலா, இரவில் இரத்தம் குடிக்கும் செள்ளாலா, உள்ளே கசியும் இரத்தத்தாலா என்பது கொண்டையில் இல்லை. கருநீலம் பாய்ந்த கொண்டை இரத்தத்தில் உயிர்வளி குறைந்ததைக் காட்டும். மூச்சுக்குழல் அடைப்பு, இதயக்கோளாறு, கோழிக்காலரா, பறவைக்காய்ச்சல் என எதுவும் அதற்குக் காரணமாகலாம். கொண்டையில் கருத்த பொருக்குகள் தெரிந்தால் கொசு பரப்பும் கோழி அம்மையாக இருக்கலாம், நேற்றைய சண்டையில் பட்ட கொத்தாகவும் இருக்கலாம். இறகு உதிர்க்கும் பருவத்தில் நலமாக உள்ள சேவலின் கொண்டையும் மங்கும், கூவலும் குறையும். நாட்டுக்கோழியிலேயே பெருவிடை வகைச் சேவலுக்கோ கொண்டையே சிறியது, தலையோடு ஒட்டியது. நிமிர்ந்த ஒற்றைக் கொண்டையுள்ள சிறுவிடை வகைக்குச் சொன்ன அளவு அதற்குப் பொருந்தாது. ஆகவே கொண்டையை ஒப்பிட வேண்டியது படத்தில் உள்ள சேவலோடு அல்ல, போன வாரத்து அதே சேவலோடு. நேற்றுவரை செம்பருத்தி போலிருந்தது இன்று மங்கியிருக்கிறது என்பதுதான் செய்தி. மங்கல் நிறம் மட்டும் தனியாக எந்தச் செய்தியும் ஆகாது.

கூவலுக்கும் இதே நியாயம்தான். சேவல் வெளிச்சத்தைப் பார்த்துக் கூவுகிறது என்பது பொது நம்பிக்கை. ஜப்பானின் நகோயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல், மங்கலான ஒளி மாறாமல் இருக்கும் அறையிலும் சேவல்கள் ஏறத்தாழ ஒரே நேரத்தில் கூவுவதைப் பதிவுசெய்து, அதை உடலின் உட்கடிகாரம் நடத்துகிறது என்று காட்டினார்கள். 2015-இல் அதே குழு இன்னொன்றையும் கண்டது. சேர்ந்து வாழும் சேவல்களில் மேல்நிலைச் சேவல் முதலில் கூவும். மற்றவை தம் படிவரிசைப்படி பின்தொடரும். இதை அறிந்தவருக்கு, கூவாத சேவல் என்பது ஒரே சமயத்தில் இரண்டு ஐயங்களை எழுப்பும். உடல் சோர்ந்திருக்கலாம், அல்லது புதிதாக வந்த இன்னொரு சேவலிடம் தோற்று இடம் இழந்திருக்கலாம். தோற்ற சேவலும் ஒதுங்கி நிற்கும், தீனிக்கு முந்தாது, பெட்டைகளை அழைத்து இரை காட்டுவதை விட்டுவிடும். பார்வைக்கு அது நோயாளியேதான். இரண்டையும் பிரிப்பதற்கு அதைத் தனியே வைத்துத் தீனி போட்டால் போதும். தோற்றது ஆவலாகத் தின்னும். நோயுற்றது தானியத்தை வெறுமனே கொத்திக் கீழே போடும், அல்லது பார்க்கவும் செய்யாது.

மூச்சைப் பார்ப்பவர்கள் மிக எளிதில் ஏமாறும் இடம் நம் ஊர்க் கோடை. கோழியின் உடல் வெப்பம் 41 பாகை செல்சியசை ஒட்டியது. அதற்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. சித்திரை, வைகாசி நண்பகலில் சேவல் வாயைத் திறந்து, இறக்கையை உடலிலிருந்து விலக்கி இரைப்பது வெப்பத்தை வெளியேற்றும் இயல்பான வழி. நிழலும் தண்ணீரும் கிடைத்துச் சிறிது நேரத்தில் அது அடங்கிவிட வேண்டும். அதே திறந்த வாய் விடியற்காலைக் குளிரில் தெரிந்தால் பொருள் தலைகீழாகிறது. கழுத்தை நீட்டி ஒவ்வொரு மூச்சுக்கும் வாய் பிளப்பது, மூக்கில் நீர், கண்ணில் நுரை, முகத்தின் ஒரு பக்கம் வீங்கி நாற்றம் வீசுவது ஆகியவை மூச்சுப்பாதை நோய்களின் பொதுவான முகம். இதைப் பார்ப்பதைவிடக் கேட்பது எளிது. கோழிகள் அடைந்து, ஊர் அடங்கிய பின் கூட்டின் அருகே அசையாமல் சற்று நின்றால், பகல் இரைச்சலில் மறைந்த களகளப்பும் தும்மலும் தெளிவாகக் கேட்கும். ஒரே குறி நண்பகலில் நலம், விடியலில் நோய் என்றால், குறியைப் போலவே அது தோன்றும் நேரமும் குறியின் பாகம்தான்.

எச்சத்தின் நிறத்தைக் கொண்டு நோயைத் தீர்மானிக்கும் பழக்கம்தான் இவற்றில் அதிகம் பரவியது, அதிகம் தவறுவதும் அதுவே. கோழிக்குத் தனியே சிறுநீர் கிடையாது. சிறுநீரகக் கழிவு வெண்பசையாக எச்சத்தோடு சேர்ந்தே வரும். பழுப்பு எச்சத்தின் மேல் வெள்ளைத் தொப்பி இருப்பதே நலத்தின் அடையாளம். இடையிடையே பெருங்குடல் முனைப்பைகளிலிருந்து கரும்பழுப்பாக, பசைபோல, கடுநாற்றத்துடன் ஒரு எச்சம் வரும். பழகாதவர்கள் அதைக் கழிச்சல் என்று அஞ்சுவார்கள். வெயிலில் நிறையத் தண்ணீர் குடித்த சேவலின் எச்சம் நீர்த்திருக்கும். எல்லாரும் வெள்ளைக்கழிச்சல் என்ற வைரஸ் நோயோடு சேர்த்துப் பேசும் பச்சை எச்சமோ, எக்காரணத்தாலும் இரண்டு நாள் தின்னாத கோழியில் பித்தம் மட்டும் வெளியேறுவதால் வரக்கூடியது. பட்டினி கிடந்த சேவலுக்கும் பச்சைதான், கொல்லும் வைரஸ் தொற்றிய சேவலுக்கும் பச்சைதான். இரத்தம் கலந்த எச்சம் மட்டும் விதிவிலக்கு. குஞ்சுகளில் இரத்தக்கழிச்சலின் குறியாக வரும் அது, எந்த வயதிலும் காத்திருக்கக்கூடாத ஒன்று. ஆகவே நிறத்தைத் தனியே படிப்பது வாக்கியத்தில் ஒரு சொல்லை மட்டும் படிப்பதற்குச் சமம். தீனி எடுத்ததா, தண்ணீர் குடித்ததா, எத்தனை கோழிகளுக்கு இப்படி என்ற மற்றச் சொற்கள் சேர்ந்தால்தான் வாக்கியம் முடியும்.

கால் தளர்ச்சியின் வரலாறு இந்த வாதத்துக்கு மிக வலுவான சான்று. ஹங்கேரியின் ஜோசப் மாரெக் 1907-இல் கால், இறக்கைகள் செயலிழந்த நான்கு சேவல்களை விவரித்தார். பின்னர் அவர் பெயராலேயே வழங்கும் மாரெக் நோயின் முதல் பதிவு அது. நரம்புகளில் தங்கிக் கட்டிகளையும் உண்டாக்கும் வைரஸே அதன் காரணம் என்பது பல பத்தாண்டுகள் கழித்துத்தான் தெரியவந்தது. மாரெக்கின் பதிவுக்குப் பல ஆண்டுகள் முன்பு ஜாவாவின் பட்டாவியாவில், இன்றைய ஜகார்த்தாவில், டச்சு மருத்துவர் கிறிஸ்டியான் எய்க்மானும் கால் தளர்ந்து விழும் கோழிகளைக் கண்டார். மனிதருக்கு வரும் பெரிபெரி என்னும் நோய்க்குக் கிருமியைத் தேடிக்கொண்டிருந்த அவர், கோழிகளுக்கும் கிருமி தொற்றியது என்றே முதலில் எண்ணினார். சில மாதங்களில் கோழிகள் தாமாகவே தேறின. விசாரித்தபோதுதான், இராணுவ மருத்துவமனைச் சமையலறையின் மிச்சச் சோறு, அதாவது தீட்டிய அரிசிச் சோறு, அவற்றுக்குப் போடப்பட்டு வந்ததும், புதிய சமையற்காரர் அதைக் கொடுக்க மறுத்ததால் தீட்டாத அரிசிக்கு மாறியதும் தெரிந்தன. தவிட்டில் இருந்த, இன்று பி1 வைட்டமின் என்று அறியப்படும் சத்தின் இழப்புதான் அந்தக் கால்களை மடக்கியது. இந்தப் பாதையைத் திறந்ததற்காக 1929-இல் எய்க்மானுக்கு நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

கால் மடங்கிய சேவல் இரண்டு ஊரிலும் ஒன்றுபோல்தான் விழுந்தது. ஒன்றில் காரணம் வைரஸ், மற்றதில் சோறு. தேர்ந்த மருத்துவரான எய்க்மானையே அந்தக் குறி முதலில் தவறான திசையில் திருப்பியது. அவரைச் சரியான திசைக்குக் கொண்டுவந்தது தீவனத்தின் வரலாறு. இன்று மாடியில் கூண்டுக்குள் அடைபட்டு ரேஷன் அரிசியை மட்டும் தின்னும் சேவலுக்கு இந்தப் பாடம் நேரடியாகப் பொருந்தும். குப்பையைக் கிளறிப் புழுவும் கீரையும் தின்னும் சேவலுக்கு அவ்வளவாகப் பொருந்தாது. மேலும், நொண்டும் சேவலின் உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தால் முள் குத்திச் சீழ் கட்டிய புண் இருக்கலாம்; காலின் செதில்கள் தூக்கிக்கொண்டிருந்தால் அதனடியில் செள் குடியிருக்கலாம். ஒரு நொண்டலுக்கு இத்தனை வாசல்கள். பார்க்கவேண்டிய வரிசை மட்டும் எப்போதும் ஒன்று: முதலில் பாதம், பிறகு தீனி, பிறகுதான் கிருமி.

வெளியே எதுவுமே தெரியாமல் உள்ளே நடப்பதும் உண்டு. இறகு ஒரு போர்வை. அதனடியில் சேவல் பாதியாக மெலிந்திருந்தாலும் உருவம் மாறாது. கோழிகள் அடைந்தபின், இருட்டில் சேவலைக் கையில் எடுத்து மார்பைத் தடவினால் உண்மை தெரியும். நெஞ்செலும்பின் இருபுறமும் சதை நிரம்பியிருக்க வேண்டும். எலும்பு கத்தி முனைபோல் விரலில் குத்தினால், பல வாரங்களாகவே அது உடம்பைத் தின்று வாழ்கிறது. கழுத்தடியில் உள்ள தீனிப்பை மாலையில் நிறைந்தும் விடியலில் வற்றியும் இருப்பது இயல்பு. மாலையில் வெறுமையாக இருந்தால் தின்னவில்லை. காலையிலும் கல்போலவோ கூழ்போலவோ நிறைந்திருந்தால் தின்றது இறங்கவில்லை. தராசும் வேண்டாம், படிப்பும் வேண்டாம். வாரத்துக்கு ஒருமுறை இந்தத் தடவல் போதும். கொண்டையும் கூவலும் சொல்லத் தவறிய மெலிவை விரல் சொல்லிவிடும்.

இத்தனை குறிகளையும் கூட்டிப் பார்த்தாலும் பெயர் பிடிபடாது என்பதற்கு வெள்ளைக்கழிச்சலே சாட்சி. 1926-இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் பதிவான இந்த நோய், அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் இமயமலைச் சாரலின் இராணிக்கேத்தில் அறியப்பட்டு, இந்தியாவில் அந்த ஊரின் பெயரையே பெற்றது. தமிழில் அது எச்சத்தின் நிறத்தால் பெயர் பெற்றது. ஆனால் அந்த நோய் தன் தமிழ்ப் பெயருக்குக் கட்டுப்படுவதில்லை. ஒரு மந்தையில் பச்சையும் வெள்ளையுமான கழிச்சலாக வரும். இன்னொன்றில் மூச்சுத் திணறலாக மட்டும் வரும். மற்றொன்றில் கழுத்து முறுக்கிக்கொண்டு, சேவல் வட்டமடித்துச் சுற்றும். சில சமயம் எந்தக் குறியும் இல்லாமல் காலையில் கூட்டுக்குள் செத்துக் கிடக்கும். 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் இந்தியாவின் முதல் பறவைக்காய்ச்சல் உறுதியானபோது, பெயரைத் தீர்மானித்தது போபாலில் உள்ள உயர் பாதுகாப்பு ஆய்வகம். வீரியமான வெள்ளைக்கழிச்சலும் பறவைக்காய்ச்சலும் செத்த கோழியின் உடலை அறுத்துப் பார்த்தும் எளிதில் பிரிக்க முடியாத அளவுக்கு ஒன்றையொன்று ஒத்தவை. ஒன்று மனிதருக்கு ஏறத்தாழத் தீங்கற்றது. மற்றது உயிரையும் வாங்கக்கூடியது. இவ்வளவு பெரிய வேறுபாட்டை மறைக்கும் முகத்தைப் பார்த்து நோய்க்குப் பெயர் சொல்வது துணிச்சல்தான், அறிவாகாது.

அப்படியானால் குறிகளால் என்ன பயன்? நோயின் பெயரை அவை சொல்லாவிட்டாலும் நோயின் அவசரத்தைச் சொல்கின்றன. வளர்ப்பவருக்கு முதலில் வேண்டியதும் அதுதான். எத்தனை கோழிகள், எவ்வளவு வேகம், சமீபத்தில் என்ன மாறியது என்ற மூன்று கேள்விகளும் குறியோடு சேர்ந்தால் செய்யவேண்டியது தெளிவாகும். ஒரே சேவல், மெல்லிய மாற்றம், தீனி எடுக்கிறது, இறகு உதிர்கிறது என்றால் சில நாள் கூர்ந்து பார்க்கலாம். ஒரே சேவல்தான், ஆனால் ஒருநாள் முழுக்கத் தீனி மறுத்தது, எழ முடியவில்லை, விடியலில் வாய் பிளக்கிறது, இரத்தம் கலந்த எச்சம் போடுகிறது என்றால் அன்றே தனியே பிரித்து, தண்ணீர் வைத்து, கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். ஒரு நாளிலோ இரண்டு நாளிலோ பல கோழிகள் சாய்ந்தால், தலை வீங்கிக் கொண்டை கருத்தால், அல்லது காரணமே தெரியாமல் அடுத்தடுத்துச் செத்தால், செத்ததை அறுக்கவோ, குழம்பு வைக்கவோ, சாக்கடையில் எறியவோ கூடாது. கால்நடைத் துறைக்கு உடனே சொல்ல வேண்டும். இந்த மூன்று படிகளில் எதற்கும் நோயின் பெயர் தேவைப்படவில்லை.

இதற்கு முதல் மறுப்பு அனுபவசாலிகளிடமிருந்து வரும். பரம்பரையாகச் சேவல் வளர்ப்பவர்கள் கண் அசைவிலேயே நோயை அறிவார்களே என்பார்கள். உண்மைதான். ஆனால் அவர்களின் திறமை எதில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு சேவலின் நடை, எடை, தீனி, குரல் எல்லாம் தனித்தனியே அவர்கள் மனதில் பதிந்திருக்கின்றன. சிறிதளவு விலகினாலும் அவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. இந்தக் கட்டுரை வேண்டுவதும் அந்தப் பழக்கத்தைத்தான். பெயர் சொல்லும் இடத்தில் எய்க்மானைப் போல அவர்களும் தவறக்கூடும். அது அவர்கள் திறமைக்கு இழுக்காகாது, அந்த வேலைக்கு நுண்ணோக்கியும் ஆய்வகமும் வேண்டும் என்பதற்குச் சான்றாகும்.

இரண்டாவது மறுப்பு, நாட்டுக்கோழிக்கு எதிர்ப்புச்சக்தி அதிகம், அதற்குப் போய் இவ்வளவு பார்க்க வேண்டுமா என்பது. கடும் வெயிலையும் கிடைத்த தீனியையும் தாங்குவதில் நாட்டுக்கோழி பண்ணைக்கோழியை மிஞ்சும் என்பதில் ஐயமில்லை. ஆனால் தடுப்பூசி போடாத நாட்டுக்கோழி மந்தையில் வீரியமான வெள்ளைக்கழிச்சல் புகுந்தால் பெரும்பகுதி மடிந்துவிடும். பிழைத்து நிற்கும் இரண்டு மூன்றைப் பார்த்து "நம்ம கோழி தாங்கும்" என்கிறோம். செத்தவை அந்தக் கணக்கில் சேர்வதில்லை. பண்ணைக்கும் புறக்கடைக்கும் உள்ள வேறுபாடு எதிர்ப்புச்சக்தியைவிடத் தடுப்பூசியில் அதிகம். அதனால்தான் தமிழ்நாட்டில் ஆண்டுதோறும், கோழிக்கழிச்சல் என்றும் வழங்கும் இதே நோய்க்கான தடுப்பூசி முகாம்கள் நடத்தப்படுகின்றன. குஞ்சுகளுக்குக் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு, எட்டு வாரம் கடந்தவற்றுக்கு இறக்கைத் தோலடியில் ஊசி என்ற எளிய முறை கைவசம் இருக்கிறது. ஓடிப் பிடிக்க முடியாத கோழிகளுக்கென்று தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தீனியோடு கொடுக்கும் குருணை வடிவத் தடுப்பு மருந்தையும் உருவாக்கியிருக்கிறது. குறிகளைக் கூர்ந்து பார்ப்பது தடுப்பூசிக்கு மாற்றாகாது. ஊசியால் தடுக்க முடியாத மற்றவற்றைப் பிடிக்கத்தான் அது.

மூன்றாவது மறுப்புதான் கனமானது. சில நூறு ரூபாய்ச் சேவலுக்கு மருத்துவர், பரிசோதனை என்று அலைவது கட்டுபடியாகுமா? தளர்ந்ததுமே அறுத்துவிடலாம், சந்தையில் தள்ளிவிடலாம், அல்லது மருந்துக்கடையில் ஒரு மாத்திரை வாங்கிக் கொடுத்துப் பார்க்கலாம் என்பார்கள். ஒரு சேவலை மட்டும் கணக்கில் வைத்தால் இது நியாயமாகவே தெரியும். ஆனால் நோய் ஒரு சேவலோடு நிற்பதில்லை. வெள்ளைக்கழிச்சல் தொற்றி வெளித்தெரிய ஏறத்தாழ ஐந்தாறு நாள் ஆகலாம், இரண்டு வாரம்வரையும் நீளலாம். சந்தையில் தள்ளிய சேவல் இன்னொரு ஊருக்கு அதைக் கொண்டுபோகும்; அங்கிருந்து வேறொரு கோழி அதைத் திருப்பிக் கொண்டுவரும். மாத்திரையின் கதை இதைவிட மோசம். வைரஸ் நோய்க்கு ஆன்டிபயாடிக் பயன்படாது, குடற்புழுவுக்கும் பயன்படாது. அது வளர்ப்பது மருந்துக்கு அடங்காத கிருமிகளைத்தான். மனிதருக்குக் கடைசிக் கையிருப்பாக உள்ள கொலிஸ்டின் மருந்தை உணவுக்கு வளர்க்கும் விலங்குகளுக்குக் கொடுக்க இந்திய அரசு 2019-இல் தடை விதித்ததன் காரணம் இதுவே. மருந்து கொடுத்த சேவலை மறுவாரமே குழம்பு வைத்தால் மருந்தின் மிச்சமும் தட்டுக்கு வரும். சின்ன வெங்காயமும் மிளகும் மஞ்சளும் அரைத்துக் கொடுப்பது வீட்டுப் பழக்கம். சேவலைத் தனியே வைத்துக் கவனிக்கும் ஓய்வோடு சேர்ந்தால் அதில் தவறில்லை. ஆனால் தேறிய சேவலைக் கொண்டு மருந்தை நிரூபிக்க முடியாது, ஏனென்றால் எய்க்மானின் கோழிகளும் தேறின. சிக்கனமாகவே செய்ய நினைப்பவருக்குச் சிறந்த வழி வேறு. முதலில் செத்த ஒன்றை, பறவைக்காய்ச்சல் ஐயம் இல்லாதபோது, பிளாஸ்டிக் பையில் கட்டி அன்றே கால்நடை மருத்துவரிடம் பிரேதப் பரிசோதனைக்குக் கொடுப்பது. உயிரோடு இருக்கும் பத்துக் கோழிகளுக்கு அந்த ஒரு உடல் வழி சொல்லிவிடும்.

நேரம் எங்கே இருக்கிறது என்ற மறுப்பும் எழும். நாள் முழுவதும் சேவலின் பின்னால் திரியச் சொல்லவில்லை. காலையில் கூட்டைத் திறக்கும்போதும் மாலையில் அடைக்கும்போதும் எப்படியும் ஒருவர் அங்கே நிற்கத்தான் போகிறார். திறந்ததும் எது முதலில் வெளியே பாய்ந்தது, எது கடைசியாக வந்தது, எது வரவே இல்லை. தானியத்தை வீசியபோது யார் முந்தினார்கள். மாலையில் வழக்கமான கிளையில் ஏறியதா, தரையிலேயே ஒடுங்கியதா. இவ்வளவையும் கைவேலையோடு சேர்த்தே பார்த்துவிடலாம். வீட்டில் பல கைகள் தீனி வைத்தால் யாருக்கும் முழுப் படம் தெரியாமல் போகும்; யார் பார்த்ததையும் ஒருவரிடம் சொல்லிவைப்பது மட்டும்தான் கூடுதல் வேலை.

ஆக, சீக்கு என்ற சொல்லைக் கைவிட வேண்டியதில்லை. அது சரியான முதற்சொல். அதையே முடிவாக்கும்போதுதான் சேதம் தொடங்குகிறது. மருந்தகத்துக்கு வந்து "கோழிக்குச் சீக்கு, மருந்து குடுங்க" என்பவருக்கு மருத்துவர் ஊகத்தைத்தான் கொடுக்க முடியும். "மூணு நாளா கூவலைங்க, நேத்து காலையில தீனிப்பை வத்தலை, மார்பு எலும்பு கையில குத்துது, போன வாரம் சந்தையில ஒரு பெட்டை வாங்கிவிட்டேன், அதுவும் இப்போ தும்முது" என்பவர் நோயின் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் மருத்துவர் அதைத் தேடவேண்டிய இடத்தை ஏறக்குறைய முழுவதும் சொல்லிவிட்டார்.